அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில்: கார்டை எடுக்கும் முன் தெரிஞ்சிருக்க வேண்டிய 5 சட்டங்கள்



ஆன்சைட் கிளம்புறவங்க வரி, வாடகை, கார் லோன், கிரெடிட் ஸ்கோர்னு எல்லாத்தையும் தேடித் தேடிப் படிச்சிட்டுப் போவாங்க. ஆஸ்பத்திரி பில் விஷயத்துக்கு மட்டும் எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான்: "கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே, அது பாத்துக்கும்." ஆனா அங்க போய் ஒரு வருஷத்துக்குள்ள சேர்த்து வச்ச சேமிப்பை மொத்தமா காலி பண்ணக்கூடிய ஒரே செலவு அதுதான்.

இதுல நம்ம ஊர் பழக்கமும் ஒரு காரணம். இங்க அட்வான்ஸ் கட்டினாத்தான் அட்மிஷன், பில்லை செட்டில் பண்ணினாத்தான் டிஸ்சார்ஜ். அதனால பில்லை நீட்டினா உடனே கட்டணும்ங்கறது நமக்குள்ள ஊறிப்போச்சு. அமெரிக்காவில் வரிசை தலைகீழ். முதல்ல சிகிச்சை, பிறகு வீடு. பில் சில வாரம், சில சமயம் சில மாதம் கழிச்சு தபால்ல வரும். அந்த இடைவெளியில சட்டம் உங்களுக்கு நிறைய உரிமைகள் கொடுத்திருக்கு. தெரியாதவங்க பயத்துல கார்டைத் தேய்ச்சிடறாங்க. தெரிஞ்சவங்க முதல்ல போன் பண்றாங்க.

இந்தப் பதிவுல 5 சட்டங்களைப் பாக்கப் போறோம். ஒவ்வொண்ணும் எந்தக் கட்டத்துல உதவும், நீங்க என்ன செய்யணும்னு வரிசையா வரும். ஆன்சைட்ல இருக்கறவங்க, போகப் போறவங்க, அப்பா அம்மாவை அங்க கூட்டிட்டுப் போறவங்க மூணு பேருக்குமே இது பொருந்தும்.

முதல்ல சில வார்த்தைகள்

டிடக்டிபிள்: இன்சூரன்ஸ் தன் பங்கைக் கொடுக்க ஆரம்பிக்கும் முன் வருஷத்துக்கு நீங்க கட்ட வேண்டிய தொகை.

கோஇன்சூரன்ஸ்: டிடக்டிபிள் முடிஞ்ச பிறகு வரும் பில்லில் உங்க சதவீதம். 20 சதவீதம்னா, 1,000 டாலர் பில்லில் 200 உங்களுடையது.

அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம்: நெட்வொர்க் சிகிச்சைக்கு ஒரு வருஷத்துல உங்க கையிலிருந்து போகக்கூடிய உச்ச வரம்பு.

நெட்வொர்க்: உங்க இன்சூரன்ஸ் கம்பெனியோட விலை பேசி ஒப்பந்தம் போட்டிருக்கும் ஆஸ்பத்திரிகளும் டாக்டர்களும்.

இஓபி: இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விளக்கக் கடிதம். ஆஸ்பத்திரி எவ்வளவு கேட்டது, ஒப்பந்த விலை என்ன, நாங்க எவ்வளவு கொடுத்தோம், உங்க பங்கு எவ்வளவுன்னு அதுல இருக்கும். இது பில் கிடையாது. ஆனா பில்லைச் சரிபார்க்க இதைவிட நல்ல ஆதாரமும் கிடையாது.

சட்டம் 1: விலையை வெளியே சொல்லணும்

அமெரிக்காவில் ஒரே ஸ்கேனுக்கு ஒரே ஆஸ்பத்திரியில் பல விலை உண்டு. புத்தகத்தில் போட்டிருக்கும் முழு விலை ஒண்ணு. ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிச்ச விலை வேற வேற. இன்சூரன்ஸ் இல்லாம கையில் கட்டுறவருக்கு இன்னொரு விலை. பல வருஷமா இந்த ஒப்பந்த விலையெல்லாம் வியாபார ரகசியமாவே இருந்துச்சு.

2021 ஜனவரி 1 முதல் இது மாறிச்சு. 2010ல் வந்த சுகாதாரச் சட்டத்தின் ஒரு பிரிவை வச்சு மத்திய அரசு கொண்டு வந்த விதி, ஆஸ்பத்திரிகள் ரெண்டு விஷயம் செய்யணும்னு சொல்லுது. ஒண்ணு, எல்லா சேவைகளோட விலையையும் கம்ப்யூட்டர் படிக்கக்கூடிய ஃபைலா வெப்சைட்டில் போடணும். முழு விலை, கேஷ் விலை, ஒவ்வொரு இன்சூரன்ஸ் திட்டத்தோட ஒப்பந்த விலை, ஒப்பந்த விலைகளில் மிகக் குறைஞ்சது, மிக அதிகமானது எல்லாம் அதில் இருக்கணும். ரெண்டு, முன்கூட்டியே திட்டமிடக்கூடிய 300 சேவைகளோட விலையைச் சாதாரண மனுஷனுக்குப் புரியற மாதிரி காட்டணும். இதுக்குப் பதிலா, உங்க பிளானைப் போட்டா உங்க பங்கைச் சொல்ற எஸ்டிமேட்டர் கருவி வச்சாலும் ஒத்துக்குவாங்க.

மீறினா அபராதம் உண்டு. 30 படுக்கை வரை உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்கு நாளுக்கு 300 டாலர் வரை. 31 முதல் 550 படுக்கை வரைன்னா, ஒரு படுக்கைக்கு நாளுக்கு 10 டாலர். அதுக்கு மேல உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளுக்கு 5,500 டாலர் வரை, அதாவது வருஷத்துக்கு 20 லட்சம் டாலரைத் தாண்டும். 2022 ஜூன்ல ஜார்ஜியா மாநிலத்தில் ரெண்டு ஆஸ்பத்திரிகளுக்கு முதல் அபராதம் விழுந்துச்சு: ஒண்ணுக்கு 8,83,180 டாலர், இன்னொண்ணுக்கு 2,14,320 டாலர்.

ரெண்டு எச்சரிக்கை. இந்த விதி ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும்தான். தனியா நடக்கும் ஸ்கேன் சென்டர், லேப் எல்லாம் இதுக்குள்ள வராது, ஆனா அங்க விலை பல சமயம் குறைவா இருக்கும், அதனால போன் பண்ணிக் கேளுங்க. அடுத்தது, பட்டியலில் இருக்கும் விலை ஆஸ்பத்திரியோட பில்லுக்கானது. தனியா பில் போடும் மயக்க மருந்து டாக்டர், ஸ்கேனைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் கட்டணம் அதில் இல்லாம இருக்கலாம். "இந்த விலைக்குள்ள யாரோட ஃபீஸ் எல்லாம் அடங்கும்?" என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்க.

விலை தெரிஞ்சா என்ன லாபம்? ஒரு கணக்கு

இது கற்பனை எண்கள், கணக்குப் போடும் முறைதான் முக்கியம். உங்க பிளான்ல டிடக்டிபிள் 2,000 டாலர், கோஇன்சூரன்ஸ் 20 சதவீதம், உச்ச வரம்பு 5,000. இந்த வருஷம் இதுவரை ஒரு பைசா செலவில்லை. டாக்டர் முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றார். ஆஸ்பத்திரி பட்டியலில் முழு விலை 4,200, உங்க பிளானோட ஒப்பந்த விலை 1,350, கேஷ் விலை 900.

ஆமா, கேஷ் விலை ஒப்பந்த விலையை விடக் குறைவா இருக்க வாய்ப்பு உண்டு. டிடக்டிபிள் முடியாததால இன்சூரன்ஸ்ல போனா 1,350 முழுசும் உங்க காசுதான். கேஷ்ல போனா 900. 450 டாலர் மிச்சம். அப்போ கேஷ்தானே நல்லது?

அவசரப்படாதீங்க. கேஷா கட்டினது பொதுவா டிடக்டிபிள் கணக்குல சேராது. அதே வருஷம் 10,000 டாலர் ஒப்பந்த விலையில ஒரு சின்ன ஆபரேஷனும் வருதுன்னு வைங்க.

எம்ஆர்ஐயை இன்சூரன்ஸ்ல எடுத்திருந்தா: 1,350 போச்சு, டிடக்டிபிள்ல பாக்கி 650. ஆபரேஷனுக்கு அந்த 650, மீதி 9,350ல் 20 சதவீதமா 1,870. மொத்தம் 3,870.

எம்ஆர்ஐயை கேஷ்ல எடுத்திருந்தா: 900 போச்சு, டிடக்டிபிள் 2,000 அப்படியே இருக்கு. ஆபரேஷனுக்கு 2,000, மீதி 8,000ல் 20 சதவீதமா 1,600. மொத்தம் 4,500.

இப்போ இன்சூரன்ஸ் வழி 630 டாலர் மலிவு. ஆக, "இந்த வருஷம் வேற பெரிய செலவு வருமா?" என்ற கேள்விக்கு உங்க பதில்தான் முடிவு செய்யும். வராதுன்னா கேஷ், வரும்னா இன்சூரன்ஸ். கேஷ்னு முடிவு பண்ணினா, சிகிச்சைக்கு முன்னாடியே அந்த விலையை எழுத்துல வாங்கிடுங்க. இன்சூரன்ஸ் இருக்கறவங்களுக்கு கேஷ் விலை தர சில இடங்கள்ல தயங்குவாங்க.

சட்டம் 2: எதிர்பாராத பில்லுக்குத் தடை

ஆஸ்பத்திரி உங்க நெட்வொர்க்ல இருக்கும், ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல இருந்த மயக்க மருந்து டாக்டர் நெட்வொர்க்ல இருக்க மாட்டார். ரெண்டு மாசம் கழிச்சு அவர்கிட்ட இருந்து தனியா ஒரு பில் வரும். மயக்கத்துல இருக்கும்போது "சார், நீங்க எங்க நெட்வொர்க்கா?"ன்னு யார் கேட்க முடியும்?

இதைத் தடுக்க 2020 டிசம்பர்ல நிறைவேறி, 2022 ஜனவரி 1ல் அமலுக்கு வந்தது நோ சர்ப்ரைசஸ் சட்டம். அவசர சிகிச்சை, நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள டாக்டர் பார்த்த பெரும்பாலான சிகிச்சைகள், ஏர் ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு நெட்வொர்க் அளவுப் பங்கை மட்டும்தான் உங்ககிட்ட கேட்கலாம். மீதியை டாக்டரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் தங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கணும்.

ரோட்டுல போற சாதாரண ஆம்புலன்ஸ் இந்த மத்திய சட்டத்துக்குள்ள வரலை. சில மாநிலங்கள் தனியா பாதுகாப்பு வச்சிருக்கு. அதே மாதிரி, திட்டமிட்ட சிகிச்சைக்கு முன்னாடி ஒரு சம்மதப் படிவத்தை நீட்டி, "இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறேன்"னு கையெழுத்து கேட்பதுண்டு. படிக்காம போடாதீங்க.

இன்சூரன்ஸ் இல்லாதவங்க, அல்லது இன்சூரன்ஸைப் பயன்படுத்தாம சொந்தக் காசுல கட்டுறவங்களுக்கு இந்தச் சட்டம் இன்னொரு ஆயுதம் தருது: குட் ஃபெய்த் எஸ்டிமேட். சிகிச்சை தேதிக்குக் குறைஞ்சது 3 வேலை நாள் முன்னாடி அப்பாயின்ட்மென்ட் போட்டாலோ, நீங்களே கேட்டாலோ, எதிர்பார்க்கும் செலவை எழுத்துல தரணும். பிறகு வரும் பில் அந்த எஸ்டிமேட்டை விட 400 டாலரோ அதுக்கு மேலயோ அதிகமா இருந்தா, பில் வந்த 120 நாளுக்குள்ள அரசுகிட்ட தகராறு எழுப்பலாம். அது நடக்கும் வரை பில்லை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. எஸ்டிமேட் பேப்பர் இல்லைன்னா இந்த வழியே இல்லை. அதனால அந்தப் பேப்பரைப் பத்திரமா வைங்க.

பில் வந்தாச்சு. இப்போ?

கட்டுறதுக்கு முன்னாடி 4 வேலை.

1. இஓபி வந்திருக்கான்னு பாருங்க. வரலைன்னா, இன்சூரன்ஸுக்கு இன்னும் கிளெய்மே போகாம இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி உங்க மெம்பர் ஐடியைக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்க.

2. ஐட்டம் வாரியா பில் கேளுங்க. முதல்ல வர்றது பொதுவா ஒரே வரி மொத்தத் தொகை. ஒவ்வொரு சேவைக்கும் கோடு போட்ட விவரமான பில் வேணும்.

3. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. "உங்க பங்கு"ன்னு இஓபியில் இருக்கும் தொகையும் பில்லில் இருக்கும் தொகையும் ஒண்ணா இருக்கணும். ஒரே டெஸ்ட் ரெண்டு தடவை இருக்கா? கொடுக்காத மருந்து இருக்கா? எமர்ஜென்சிக்குப் போனவங்க 99281 முதல் 99285 வரை உள்ள கோடைப் பாருங்க. எண் ஏற ஏற கேஸோட சிக்கலும் கட்டணமும் ஏறும். விரல்ல தையல் போடப் போனவருக்கு 99285 போட்டிருந்தா காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

4. இன்சூரன்ஸ் மறுத்திருந்தா அப்பீல் பண்ணுங்க. மறுப்புக் கடிதம் வந்து 180 நாள் வரை உள் அப்பீலுக்கு நேரம் இருக்கு. "அப்பீல் போயிருக்கேன், அதுவரை இந்தக் கணக்கை நிறுத்தி வைங்க"ன்னு ஆஸ்பத்திரிக்கும் சொல்லிடுங்க.

சட்டம் 3: லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரியின் கடமை

இது பலருக்குத் தெரியாத சட்டம். அமெரிக்காவில் நிறைய ஆஸ்பத்திரிகள் வரிவிலக்கு பெற்ற லாப நோக்கமற்ற அமைப்புகள். அந்த விலக்குக்குப் பதிலா, வருமான வரிச் சட்டத்தோட 501(ஆர்) பிரிவு அவங்க மேல சில கடமைகளைப் போட்டிருக்கு.

நிதி உதவிக் கொள்கை ஒண்ணை எழுதி வெளியிடணும். உதவிக்குத் தகுதியானவர்கிட்ட, இன்சூரன்ஸ் உள்ளவங்களுக்குப் பொதுவா பில் பண்ற அளவை விட அதிகமா வாங்கக் கூடாது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் பில் அனுப்பி 120 நாள் வரைக்கும் கடுமையான வசூல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போறது, சம்பளத்தைப் பிடிக்கிறது, கிரெடிட் ரிப்போர்ட்ல ஏத்தறது எல்லாம் அந்த வகை. எடுக்கறதுக்கு 30 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும். நிதி உதவி விண்ணப்பத்தை அந்த முதல் பில்லில் இருந்து 240 நாள் வரைக்கும் வாங்கிக்கணும்.

"நான் ஐடில வேலை பாக்கறேன், எனக்கெல்லாம் தருவாங்களா?"ன்னு நினைச்சு விட்டுடாதீங்க. வருமான வரம்பை மத்திய சட்டம் நிர்ணயிக்கலை, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தானே வைக்குது. குடும்பத்துல எத்தனை பேருங்கறதும் கணக்குல வரும். ஒரே சம்பளம், மனைவிக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, ரெண்டு குழந்தைங்கன்னா பகுதி தள்ளுபடி கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. படிவத்தைப் படிச்சுப் பாக்கறதுக்குக் காசு கிடையாது.

சட்டம் 4: வசூல் ஏஜென்சி எப்படிப் பேசணும்

பில் ஏஜென்சி கைக்குப் போயிட்டா போன் வர ஆரம்பிக்கும். 1977ல் வந்த நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம் இங்க காப்பாத்தும். காலை 8 மணிக்கு முன்னாடியும் இரவு 9 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. ஒரே கடனுக்காக 7 நாளுக்குள்ள 7 தடவைக்கு மேல கூப்பிட்டா தொந்தரவுன்னே எடுத்துக்குவாங்க. பொய் மிரட்டல் கூடாது. ஆஸ்பத்திரி பாக்கி ஒரு சிவில் விவகாரம். "போலீஸ் வரும், கைது பண்ணுவோம்"னு யாராவது சொன்னா, ஒண்ணு சட்டத்தை மீறும் ஏஜென்சி, இல்லைன்னா ஸ்கேம்.

முக்கியமான உரிமை இது: கடன் விவரக் கடிதம் வந்த 30 நாளுக்குள்ள "இந்தக் கடனை நான் ஒத்துக்கலை, ஆதாரம் அனுப்புங்க"ன்னு எழுத்துல கேட்டா, ஆதாரம் தரும் வரை வசூலை நிறுத்தணும். போன்ல சொன்னது கணக்குல வராது. பதிவுத் தபால்ல அனுப்பி ரசீதை வைங்க. அதுக்கு முன்னாடி "சரி, ஒரு 50 டாலர் கட்டறேன்"னு சொல்லிடாதீங்க. பழைய கடனா இருந்தா, சில மாநிலங்கள்ல சின்னத் தொகை கட்டினாலே வழக்குப் போடும் கால வரம்பு புதுசா ஆரம்பிச்சிடும்.

சட்டம் 5: கொலராடோ காட்டிய வழி

முதல் சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு, கவனிச்சீங்களா? ஆஸ்பத்திரி விலையை மறைச்சா அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். விலை தெரியாம உள்ளே போய், பெரிய பில்லோட வெளியே வந்த நோயாளிக்கு என்ன கிடைச்சது? ஒண்ணுமில்லை. அவர் மேல ஏஜென்சியை ஏவிவிடவும் ஆஸ்பத்திரிக்குத் தடை இல்லை.

கொலராடோ மாநிலம் 2022ல் இந்த ஓட்டையை அடைச்சுது. எச்பி 22-1285 என்ற அந்தச் சட்டம் 2022 ஆகஸ்ட் 10 முதல் அமலுக்கு வந்துச்சு. கிராமப்புறங்களில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு 2023 பிப்ரவரி வரை அவகாசம் கொடுத்தாங்க. சாரம் எளிமையானது: சிகிச்சை நடந்த நாளில் மத்திய அரசின் விலை வெளிப்படை விதியை ஆஸ்பத்திரி முறையா பின்பற்றலைன்னா, அந்தக் கடனுக்காக வசூல் நடவடிக்கை எடுக்க முடியாது. ஏஜென்சிக்கு அனுப்ப முடியாது, வழக்குப் போட முடியாது, கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏத்த முடியாது.

மீறினா நோயாளியே கோர்ட்டுக்குப் போகலாம். ஆஸ்பத்திரி விதியை மீறியதுன்னு நிரூபணமானா, கட்டின பணத்தைத் திருப்பித் தரணும், மொத்தக் கடனுக்குச் சமமான தொகையை அபராதமா நோயாளிக்குக் கொடுக்கணும், வக்கீல் செலவையும் ஏத்துக்கணும். அபராதத்தோட திசையே மாறிடுச்சு பாருங்க.

இதைத் தப்பாவும் புரிஞ்சுக்கக் கூடாது. "விலைப்பட்டியல் இல்லை, அதனால பில் இல்லை"ன்னு சட்டம் சொல்லலை. பில் அனுப்ப ஆஸ்பத்திரிக்கு உரிமை உண்டு. வசூல் நடவடிக்கைக்குத்தான் தடை. அப்புறம், "சிகிச்சை நடந்த நாளில்" என்ற வார்த்தை ரொம்ப முக்கியம். அன்னைக்கு இல்லாத பட்டியலை அடுத்த வாரம் ஏத்திட முடியும். அதனால திட்டமிட்ட சிகிச்சைன்னா, தேதியை ஒட்டி ஆஸ்பத்திரியோட விலைப் பக்கத்தைத் தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. நீங்க வேற மாநிலத்தில் இருந்தா, அங்க இப்படி ஒரு சட்டம் இருக்கான்னு மாநில அட்டர்னி ஜெனரல் வெப்சைட்டில் தேடுங்க. இல்லைன்னாலும் அந்த ஸ்கிரீன்ஷாட் விலை பேசும்போது கை கொடுக்கும்.

கிரெடிட் ஸ்கோர் பயம்

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூணும் சேர்ந்து சில மாற்றங்கள் செஞ்சிருக்காங்க. 2022 ஜூலை முதல், கட்டி முடிச்ச மருத்துவ வசூல் கணக்குகள் ரிப்போர்ட்டில் இருக்காது. கட்டாதது ஒரு வருஷம் கழிச்சுத்தான் ஏறும். 2023 ஏப்ரல் முதல், 500 டாலருக்குக் குறைவான மருத்துவக் கடன் வராது. மருத்துவக் கடனை ரிப்போர்ட்டில் இருந்து முழுசா நீக்கும் ஒரு மத்திய விதி 2025 ஜனவரியில் முடிவாச்சு. ஆனா அதே வருஷம் ஜூலையில் டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு.

இதுல இருந்து கிடைக்கும் பாடம்: பில் வந்து ஒரு மாசம் தாமதமானதால ஸ்கோர் விழுந்திடாது. சரிபார்க்க நேரம் இருக்கு. ஆனா அந்தப் பில்லை கிரெடிட் கார்டுல கட்டின நிமிஷமே அது மருத்துவக் கடன் இல்லை, கார்டு கடன். ஒரு வருஷ அவகாசம், 500 டாலர் விதி எதுவும் அதுக்குப் பொருந்தாது, வட்டியும் ஓடும். கவுண்டர்ல நீட்டும் மெடிக்கல் கிரெடிட் கார்டுலயும் கவனம். "12 மாசம் வட்டி இல்லை"ன்னு சொல்வாங்க. கடைசி மாசம் கொஞ்சம் பாக்கி இருந்தாலும், சில கார்டுகள்ல முதல் நாளில் இருந்து வட்டி போட்டுடுவாங்க. அதைவிட ஆஸ்பத்திரிகிட்டயே வட்டியில்லாத மாதத் தவணை கேளுங்க. நிறைய இடங்கள்ல தர்றாங்க.

அப்பா அம்மா வரும்போது

பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாசம் வர்ற அப்பாவுக்கு நெஞ்சு வலி. இது நடக்கக்கூடிய விஷயம்தான். மூணு விஷயத்தை மனசுல வைங்க.

ஒண்ணு, எமர்ஜென்சி வசதி உள்ள ஆஸ்பத்திரிகள் பணம் இருக்கா, விசா என்னன்னு பார்த்து அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. 1986ல் இருந்தே இதுக்குத் தனிச் சட்டம் இருக்கு. அதனால செலவை நினைச்சு 911 கூப்பிடத் தயங்காதீங்க.

ரெண்டு, அட்மிஷன் படிவத்துல பொறுப்பேற்பவர்னு ஒரு கட்டம் இருக்கும். அங்க உங்க கையெழுத்து இருந்தா, அது உங்க பில். நம்ம வளர்ப்புல "பையன் நான் இருக்கேன்"னு உடனே கையெழுத்துப் போட்டுடுவோம். அப்பாவோட பில்லைக் கட்டறது உங்க முடிவா இருக்கலாம், தப்பில்லை. ஆனா அது தெரிஞ்சு எடுத்த முடிவா இருக்கட்டும். பதட்டத்துல போட்ட கையெழுத்தா இருக்க வேண்டாம்.

மூணு, விசிட்டர் இன்சூரன்ஸை உங்க கம்பெனி பிளான் மாதிரி நினைக்காதீங்க. எதிர்பாராத பில்லுக்கான பாதுகாப்பு கம்பெனி பிளான் போன்ற ஹெல்த் பிளான்களுக்கானது. விசிட்டர் பாலிசியில் ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் பற்றிய விதியையும் உச்ச வரம்பையும் டிக்கெட் போடும் முன்னாடியே படிங்க. பில் பெருசா வந்தா, அப்பாவோட வருமானத்தை வச்சு நிதி உதவிக்கு விண்ணப்பிக்க முடியுமான்னு ஆஸ்பத்திரியில் கேளுங்க. சொந்த ஊர்ல பென்ஷன் வாங்குறவரோட வருமானம் டாலர்ல எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க. ஊர், குடியிருப்பு பற்றிய நிபந்தனை கொள்கையில் இருந்தா அதையும் படிச்சுக்கோங்க.

போன்ல என்ன சொல்றது?

கூச்சம்தான் பலருக்கு முதல் தடை. விலை பேசறது கௌரவக் குறைச்சல்னு நினைக்கிறோம். கோயம்பேட்டுல தக்காளிக்குப் பேசற நாம 3,000 டாலர் பில்லுக்கு வாயைத் திறக்கறதில்லை. இந்த வரிசையில் கேளுங்க:

"எனக்கு கோடுகளோட ஐட்டம் வாரியான பில் வேணும். அது வரும் வரை என் கணக்கை நிறுத்தி வைங்க."

"உங்க வெப்சைட்டில் இந்த கோடுக்கு என் பிளான் விலை இவ்வளவுன்னு இருக்கு. பில்லில் ஏன் வேற மாதிரி இருக்கு?"

"உங்க நிதி உதவி விண்ணப்பத்தை அனுப்புங்க."

"ஒரே தடவையில் கட்டினா எவ்வளவு குறைப்பீங்க? இல்லைன்னா வட்டியில்லாத தவணை எத்தனை மாசம்?"

பேசினவர் பெயர், தேதி, நேரம், அவர் சொன்னது எல்லாத்தையும் குறிச்சு வைங்க. ஒத்துக்கிட்டதை ஈமெயில்லயோ அவங்க போர்ட்டல்லயோ எழுத்துல வாங்குங்க. எதிர்பாராத பில் பற்றிப் புகார் சொல்ல மத்திய அரசு உதவி எண் 1-800-985-3059.

கடைசியா ஒரு விஷயம். இந்த உரிமைகள் எதுவும் கடிதத்தைப் பிரிக்காம மேஜை இழுப்பறையில் போடறவருக்கு உதவாது. 30 நாள், 120 நாள், 180 நாள், 240 நாள்னு ஒவ்வொண்ணுக்கும் கெடு இருக்கு. கோர்ட் சம்மன் வந்தும் போகாம இருந்தா, உங்க பக்கம் நியாயம் இருந்தாலும் தீர்ப்பு எதிரா வந்திடும், அப்புறம் சம்பளத்துலயே பிடிப்பாங்க. ஊருக்குத் திரும்பப் போறவங்களும் கணக்கை முடிச்சிட்டு, பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்கிட்டுக் கிளம்புங்க.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கும் நெட்வொர்க் ஆஸ்பத்திரி எதுன்னு கண்டுபிடிங்க. அதோட விலைப் பக்கத்தைத் திறந்து ஏதாவது ஒரு ஸ்கேனுக்கு உங்க பிளான் விலையையும் கேஷ் விலையையும் பாருங்க. பதினைஞ்சு நிமிஷ வேலை. உடம்பு நல்லா இருக்கும்போதே இதைச் செஞ்சு வைங்க. ஆன்சைட் கிளம்பும் நண்பர் யாராவது இருந்தா அவருக்கும் இதை அனுப்புங்க. அடுத்த வீடியோவில், இஓபி கடிதத்தை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு பாக்கலாம்.